சமைக்கத் தெரியாதவனுக்குப் பந்தியில் என்ன வேலை?

ஓய்வூதியக்காரன் | திங்கள், இரவு 9.40

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் குடியிருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மனைவி காலமாகிவிட்டார், மகள் வெளிநாட்டில். மாலையில் நடக்கப் போவதைத் தவிர பெரிய சோலி எதுவும் இல்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு தேவாலயம். அதன் பின்புறக் கூடத்தில் வியாழன்தோறும் இரவு ஏழு மணிக்கு யார் வந்தாலும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். நான் நடக்கும் நேரத்துக்குப் பெருங்காயம் தாளிக்கும் வாசனை மதிலைத் தாண்டி வரும். போன வாரம் வாசலில் கரும்பலகை ஒன்றைச் சாய்த்துவைத்து, "வியாழன் விருந்துக்குக் கை தேவை" என்று சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள். நன்கொடை தேவை என்று எழுதியிருந்தால் ஐந்நூறு ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டு நடையைக் கட்டியிருப்பேன். கை என்று எழுதித் தொலைத்ததால் நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திருநீறு பூசாமல் வாசற்படி இறங்காதவன் நான். அங்கே என்னை எப்படிப் பார்ப்பார்களோ என்ற தயக்கம் உண்டு. அதைவிடப் பெரிய சங்கடம், எனக்குச் சமைக்கத் தெரியாது. வெந்நீர் வைப்பேன். அதிலும் இரண்டு முறை பாத்திரம் கருகியிருக்கிறது. இந்தக் கையை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வது? இப்படிப்பட்ட வேலை செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


பந்திமுனை | திங்கள், இரவு 10.25

ஐயா, தயங்காமல் போங்கள். சேலத்தில் வேறொரு தேவாலயப் பங்கில் இதே வேலையை ஐந்து ஆண்டுகளாகப் பார்க்கிறேன். சாமான் கணக்கு, ஆள் கணக்கு, கூடத்துச் சாவி மூன்றும் என் தலையில்.

திருநீறு பற்றிக் கவலை வேண்டாம். எங்களுக்குத் தேங்காய் துருவ வரும் அம்மா, ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். அந்த வாரம் அவர் விடுப்பு. எங்கள் பெரிய அண்டாவும் அவரோடு கூழ் காய்ச்சப் போய்விடும். நாங்கள் கொடுத்ததைவிடப் பளபளப்பாகத் திரும்பி வரும் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை.

சமையலுக்கு வருகிறேன். அடுப்படியில் நான்கு பேருக்கு மேல் நின்றால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்க வேண்டியதுதான். அந்த நான்கு பேர் எப்படியும் கிடைத்துவிடுவார்கள், கைமணம் உள்ளவர்களுக்கு அதைக் காட்ட ஆசை இருக்கும். மற்ற வேலைகளுக்குத்தான் அலைகிறோம். காலையில் உழவர் சந்தைக்குப் போய்க் காய் தூக்கி வர ஒருவர். மூன்று மணிக்கு வெங்காயம் உரிக்க ஐந்தாறு பேர். ஆறு மணிக்குப் பாய் விரித்து, மேசை போட்டு, தண்ணீர் ஊற்றிவைக்க இரண்டு பேர். பாய் எதற்கு, மேசை எதற்கு என்றால், முழங்கால் மடங்காதவர்களுக்கு மேசை. வாசலில் நின்று "வாருங்கள்" என்று சொல்ல ஒருவர். இது சின்ன வேலை இல்லை. முதல் முறை வருகிறவர் வாசலில் மூன்று நிமிடம் நிற்பார், யாரும் கூப்பிடாவிட்டால் திரும்பிப் போய்விடுவார். எட்டரை மணிக்கு மேல் அண்டா, தேக்சா, அன்னக்கூடை, வாளி எல்லாம் கழுவ வேண்டும். அதற்குத்தான் ஆள் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குக்கு எங்கள் பங்கில் பெயர் கொடுக்க வரிசை நிற்கிறது. சாதாரண வியாழனில் அண்டா கழுவ வாருங்கள் என்றால் எல்லாருக்கும் இடுப்பு வலி.


மாங்கொட்டை | செவ்வாய், காலை 7.05

ஐயா, நான் கல்லூரி மாணவன். நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு மணிக்கணக்கு காட்ட வேண்டும் என்று போனேன். சான்றிதழ் வாங்கிப் பத்து மாதம் ஆகிறது, இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் எங்கள் வகுப்பிலிருந்து இருபத்தெட்டுப் பேர் வந்தோம். பரிமாறுவதற்கு ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டோம். சாப்பிட வந்தவர்கள் நாற்பது பேர்! ஏழாவது வாரம் இரண்டு பேர் மிஞ்சினோம். ஆகவே உங்களை முதல் வாரம் யாரும் கண்டுகொள்ளாவிட்டால் வருத்தப்படாதீர்கள். எட்டாவது வாரம் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்.

ஒரு சந்தேகம், பந்திமுனை அக்கா. எல்லா இடத்திலும் ஏன் வியாழன்?


பந்திமுனை | செவ்வாய், காலை 7.50

எல்லா இடத்திலும் வியாழன் இல்லை தம்பி. நாங்கள் ஞாயிறு மதியம்தான் ஆரம்பித்தோம். திருப்பலி வழிபாடு முடிந்து ஆட்கள் அங்கேயே இருப்பார்கள், வசதி. சாப்பிட வந்ததும் பெரும்பாலும் எங்கள் பங்குக்காரர்களேதான். வெளியிலிருந்து பத்துப் பேர் வந்தால் அதிகம். கட்டிட வேலைக்குப் போகும் ஒரு அம்மா ஒரு நாள் கேட்டார்: "சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்குகிறோம், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறிக்குழம்பு. அன்றைக்கு ஏன் கூப்பிடுகிறீர்கள்? வியாழக்கிழமை கையில் பஸ்ஸுக்குக்கூட இருக்காது."

வாரக்கூலி வீடுகளில் இருந்தவர்களுக்கு இது தெரியும். மாதச் சம்பளம் வாங்கும் எங்கள் கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வியாழனுக்கு மாற்றிய இரண்டாம் மாதம் தொண்ணூறு பேர். எங்கள் ஆட்களின் வசதி கெட்டது, அலுவலகம் விட்டு ஓடிவர வேண்டியிருக்கிறது. கெடட்டும்.


கேள்விக்குறி | செவ்வாய், காலை 11.15

எல்லாம் சரி. யாரும் கேட்காததை நான் கேட்டுவிடுகிறேன். தேவாலயத்தில் சோறு போடுவது எதற்கு என்று ஊருக்குத் தெரியாதா? இன்று சாம்பார், நாளை பிரசங்கம், நாளை மறுநாள் பெயர் மாற்றம். பசித்தவனிடம் இந்த வியாபாரம் செய்வது எனக்கு ஒப்பவில்லை. ஒரு ரூபாய்க்கு இட்லி போட்ட அம்மா உணவகம் 2013 முதல் இருக்கிறது. காசு கொடுத்தோம், சாப்பிட்டோம், யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம். அந்தக் கௌரவம் உங்கள் கூடத்தில் உண்டா?


பந்திமுனை | செவ்வாய், மதியம் 1.30

கேட்டது நல்லது. மற்ற இடங்களுக்கு நான் பொறுப்பேற்க முடியாது, எங்கள் கூடத்தைச் சொல்கிறேன். சுவரில் சிலுவை இருக்கிறது, அதைக் கழற்றமாட்டோம், அது எங்கள் வீடு. அண்டா மூடியைத் திறப்பதற்கு முன்னால் அடுப்படியில் நாங்கள் ஒரு நிமிடம் ஜெபிக்கிறோம், விருப்பம் உள்ளவர்கள் மட்டும். பந்தியில் பிரசங்கம் இல்லை, பாட்டு இல்லை, கைப்பிரதி இல்லை, பெயர் எழுதும் நோட்டு இல்லை. ஒரு முறை வெளியூர்க் குழு ஒன்று உதவிக்கு வந்து இலைக்குப் பக்கத்தில் கைப்பிரதி வைத்துக்கொண்டே போனது. எங்கள் பங்குத் தந்தை பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை.

கௌரவம் பற்றிச் சொன்னீர்கள். அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அதனால்தான் பரிமாறியவர்கள் கடைசிப் பந்தியில் தனியாக உட்காருவதை நிறுத்தினோம். இப்போது ஒவ்வொரு பந்தியிலும் எங்களில் நான்கு பேர் கலந்து உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அதே சோறு, அதே சாம்பார். சாப்பிட்ட இலையை எல்லாரும் தொட்டி வரை கொண்டுபோய்ப் போடுகிறார்கள். வருகிறவர்களில் இஸ்திரி போட்ட சட்டைக்காரர்களும் உண்டு. வீட்டில் அரிசி இருக்கும், எதிரே உட்கார ஆள் இருக்காது.


கேள்விக்குறி | செவ்வாய், மதியம் 2.10

நன்றாகச் சொல்கிறீர்கள். நம்பவில்லை. ஆனால் கைப்பிரதிக் கதை பிடித்திருக்கிறது.


திண்ணை | செவ்வாய், மாலை 4.00

நெல்லைச் சீமையிலிருந்து சேலம் வந்து நாற்பது ஆண்டு ஆன கிழவன். எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு அசனம் என்று பெயர். ஆண்டுக்கு ஒரு முறை, ஊரே உட்காரும். மதம் கேட்கிற வழக்கம் அசனத்தில் இல்லை. ஆனால் சாதி கேட்கிற வழக்கம் ஒரு காலத்தில் எங்கள் தேவாலயங்களிலேயே இருந்தது, அதை மறைத்து என்ன பயன்? யாரோடு யார் உட்காருவது என்பதற்குச் சண்டை போட்ட தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வாரச் சாப்பாடு நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை: இடத்தைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். ஓரத்திலிருந்து வரிசையாக நிரப்பிக்கொண்டே வாருங்கள். பெரிய நன்கொடையாளர் வந்தாலும் வந்த வரிசைதான்.

முதலில் கேள்வி கேட்ட ஓய்வூதியக்காரருக்கு. "எனக்கு என்ன வேலை" என்கிறீர்கள். தமிழ் வேதாகமத்தில் அந்த வேலைக்கு அருமையான பெயர் இருக்கிறது: பந்தி விசாரணை. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம். எருசலேம் சபையில் அன்றாடம் சாப்பாடு போட்டார்கள், கிரேக்க மொழி பேசிய விதவைகளைக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. உடனே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். முதல் பெயர் ஸ்தேவான். அந்த ஏழு பேருக்குச் சமைக்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்டதாக எழுதப்படவில்லை.

விசாரணை என்றால் போலீஸ் விசாரணை இல்லை. யாருக்கு எது வரவில்லை என்று பார்த்துக்கொண்டே நடப்பது. கொரிந்து பட்டணத்துச் சபையில் அது இல்லாமல் போய், ஒருவன் பட்டினியாக இருக்க இன்னொருவன் குடித்து வெறியாக இருந்தான் என்று பவுல் திட்டி எழுதியிருக்கிறார். சபைச் சாப்பாட்டில் சண்டை நேற்று வந்தது இல்லை ஐயா!


தேக்சா | செவ்வாய், இரவு 11.50

கல்யாண வேலை முடித்து இப்போதுதான் பார்க்கிறேன். செவ்வாய்ப்பேட்டைக்காரன். மாதம் இரண்டு வியாழன் ஒரு ஆலயத்துக்குச் சமைத்துக் கொடுக்கிறேன், கூலி வாங்குவதில்லை. கல்யாணத்தில் சாப்பிடுகிறவன் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவான். இங்கே இரண்டாம் முறை சோறு கேட்கிறார்கள், சமையல்காரனுக்கு அது வேறு கூலி.

அளவு தெரியாமல்தான் பாதி இடங்களில் கெட்டுப்போகிறது. கல்யாண வீட்டில் கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்று போடுவோம், ஏனென்றால் பதினைந்து பதார்த்தம் இருக்கும். இங்கே சோறு, சாம்பார், ஒரு பொரியல், மோர். நாள் முழுக்கச் சித்தாள் வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது, கிலோவுக்கு ஏழு பேர் என்று வையுங்கள். துவரம் பருப்பு நூறு பேருக்கு மூன்று கிலோ, குறைத்தால் சாம்பாரில் முகம் பார்க்கலாம். அரிசியும் பருப்பும் லீ பஜாரில் மூட்டையாக எடுங்கள், சில்லறையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. சிலிண்டர் விஷயத்தில் விளையாடாதீர்கள். ஆளாளுக்கு வீட்டிலிருந்து 14.2 கிலோ உருளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அது வீட்டு அடுப்புக்கானது. 19 கிலோ வணிக உருளை வாங்கி, அடுப்பை விட்டுத் தள்ளி, சன்னல் பக்கம் வையுங்கள்.

மாதத்தில் ஒரு நாள் பாயசம் போடுங்கள். சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசிக்கு என்ன பஞ்சம்? ஊரைச் சுற்றிக் குச்சிக்கிழங்குதானே. ஆனால் இறக்கும்போது தண்ணீராகத் தெரிய வேண்டும். கூடத்துக்குப் போவதற்குள் அது இறுகிக் களியாகிவிடும். பக்கத்தில் சுடு பால் ஒரு வாளி தயாராக இருக்கட்டும்.


இருபதாவது வளைவு | புதன், காலை 6.30

ஏற்காட்டிலிருந்து. காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். பழமெடுப்புக் காலத்தில், நவம்பர் பிறந்ததிலிருந்து நான்கு மாதம், எங்கள் சின்ன ஆலயத்தில் வாரம் ஒரு நாள் சாப்பாடு உண்டு. நாற்பது ஐம்பது பேர். மலையாளிப் பழங்குடி மக்கள், வடமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர்கள், காவலாளிகள்.

தேக்சா அண்ணன் கணக்கு மலைக்கு ஏறும்போது மாறும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே கொதிப்பதுபோலத் தளபுள என்று கொதிக்கும், பருப்பு மட்டும் கல்லாக இருக்கும். முதல் வாரம் கீழேயிருந்து வந்த சமையல்காரர் அண்டாவை முறைத்துக்கொண்டே நின்றார். இப்போது பருப்பை மதியமே ஊறவைத்துக் குக்கரில் பிரித்து வேகவைக்கிறோம்.

நேரமும் வேறு. ஏழு மணி என்றால் பனி இறங்கிவிடும், தோட்டத்துப் பாதையில் காட்டெருமை நிற்கும். ஐந்தரைக்குப் பந்தி, ஆறரைக்குள் எல்லாரையும் கூட்டமாக அனுப்பிவிடுவோம். எங்கள் விருந்தை விருந்து என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ரசமும் சோறும் முட்டையும்தான். ஆனால் சூடு.

ஐயா, வெந்நீர் வைக்கத் தெரியும் என்றீர்களே, மேலே வாருங்கள். இங்கே சீரக வெந்நீர்தான் பாதி விருந்து. முதலில் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், குடிக்கமாட்டார்கள்.


கேள்விக்குறி | புதன், காலை 10.20

இன்னொரு கேள்வி, இது வம்புக்கு இல்லை. நூறு பேர் சாப்பிட்டு நான்கு பேருக்கு வாந்தி வந்தால் யார் பொறுப்பு? "புண்ணியத்துக்குத்தானே செய்தோம்" என்று தப்பித்துக்கொள்வீர்களா?


தராசு | புதன், மதியம் 12.45

உணவுப் பாதுகாப்பு தொடர்பான வேலையில் இருப்பவன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

புண்ணியம் சட்டத்தில் விலக்கு இல்லை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உணவுத் தொழில் என்றே சொல்கிறது. சமயக் கூட்டங்களில் உணவு வழங்குவோரும் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். நான் பார்த்த வரையில் இதைச் செய்யாததற்குக் காரணம் பணமில்லை, "கடவுள் காரியத்துக்கு எதற்குப் பதிவு" என்ற எண்ணம்.

எல்லாரும் சாம்பாரையும் மோரையும் பார்த்துப் பயப்படுவார்கள். நான் பயப்படுவது சோற்றுக்கு. அரிசியில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கூடையில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அப்படி உண்டாகும் நஞ்சில் ஒரு வகை மறுபடி சுடவைத்தாலும் போகாது. ஆகவே நான்கு மணிக்கே சோறு வடித்து ஏழு மணிக்குப் போடாதீர்கள். ஆறரைக்கு ஒரு ஈடு, ஏழேகாலுக்கு ஒரு ஈடு என்று வடியுங்கள். மிஞ்சிய சோற்றை அடுத்த நாள் யாருக்கும் கொடுக்காதீர்கள். பரிமாறுகிறவர் கையில் புண் இருந்தால் அன்று அவருக்கு வாசல் வேலை.


மாங்கொட்டை | புதன், மதியம் 1.15

பார்சல் விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் வருகிறார்கள், தர்மபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்தெல்லாம். தான் சாப்பிட்டுவிட்டு, படுக்கையில் இருப்பவருக்குக் கொஞ்சம் கட்டிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். எங்கள் கமிட்டியில் பார்சல் கிடையாது என்று விதி. அந்த விதியைச் சொல்லும்படி எப்போதும் என்னைத்தான் அனுப்புகிறார்கள்!


பந்திமுனை | புதன், மாலை 5.40

அந்த விதி எங்களிடமும் இருந்தது. பார்சல் ஆரம்பித்தால் எல்லாரும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், பந்தி காலியாகிவிடும் என்று பயம். இப்போது நடுவழி ஒன்று: தூக்குவாளியோ டிபன் பாக்ஸோ கொண்டுவந்தால் கடைசிப் பந்தி முடிந்ததும் இருப்பதைப் பொறுத்துக் கொடுக்கிறோம். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததும் பையில் கட்டுவது தானாக நின்றது, நல்லதாகப் போயிற்று. நோயாளிக்குக் கொடுப்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான், டாக்டர் என்ன சாப்பிடச் சொன்னார் என்று நமக்குத் தெரியாது. மோர் மட்டும் கேட்டால் யோசிக்காமல் ஊற்றிவிடுகிறேன்.

குடித்துவிட்டு வருகிறவர்கள் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். சாப்பாடு உண்டு, கூடத்தில் இடம் கிடையாது. வராந்தாவில் உட்காரவைத்து ஒருவர் பக்கத்தில் இருந்து போடுவோம். இதில் எங்கள் குழுவே இரண்டுபட்டு நிற்கிறது. "வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாது" என்று வசனம் காட்டுகிறவர் ஒருவர் உண்டு.


திண்ணை | புதன், மாலை 6.15

அந்த வசனத்தில் வேலை செய்ய "மனதில்லாதிருந்தால்" என்று இருக்கிறது. மனம் இருந்தும் வேலை கிடைக்காதவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவரிடம் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள். அண்டா கழுவக் கூப்பிடுங்கள்.


ஓய்வூதியக்காரன் | வெள்ளி, காலை 5.50

நேற்று போனேன்.

பலகையைக் காட்டி "கை" என்றேன். வாசலில் இருந்த பெண் சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப் போனார். நெற்றியை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு பாட்டி மட்டும் "ஐயா முருகன் கோயிலா, சிவன் கோயிலா?" என்று விசாரித்தார். சின்ன வெங்காயம் இரண்டு படி உரித்தேன். அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு கோப்பு தள்ளியதில் வராத கண்ணீர்.

பிறகு தண்ணீர் ஜக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு பந்திக்கு இருபத்து நான்கு பேர். முதல் பந்தியில் ஜக்கை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தேன், டம்ளர் நிறைந்ததா இல்லையா என்று. திண்ணை ஐயா சொன்னது இரண்டாம் பந்தியில்தான் நினைவுக்கு வந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாம்பார் வாளி அவரைத் தாண்டிப் போயிருந்தது. கூப்பிட வாய் வரவில்லை போலும். வாளியைத் திருப்பி வரச்சொன்னேன். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

எட்டே முக்காலுக்கு அண்டா கழுவும் இடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். பந்திமுனை அம்மா எழுதியதைப் படித்துவிட்டதால் நழுவ முடியவில்லை. அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத்தான் கழுவ முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது. இடுப்பு வலி உண்மைதான்.


தேக்சா | வெள்ளி, காலை 6.40

அண்டாவில் சோறு ஒட்டியிருந்தால் இறக்கியதும் தண்ணீர் ஊற்றிவைக்கச் சொல்லுங்கள். யாரும் செய்யமாட்டார்கள். நீங்களே ஊற்றிவிடுங்கள்.


ஓய்வூதியக்காரன் | ஆறாவது வியாழன், இரவு 11.30

நீண்ட நாள் எழுதவில்லை. ஐந்து வாரம் ஒழுங்காகப் போனேன். ஒரு வாரம் பிறந்தநாள் கொண்டாட ஒரு குடும்பம் வந்தது. பிரியாணி கொண்டுவந்தார்கள், சந்தோஷம். இலைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு படம் எடுத்தார்கள். ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சாப்பிட்டார். நான் போய், "தம்பி, கேமராவை உள்ளே வையுங்கள்" என்றேன். ஓய்வு பெற்ற பிறகு அப்படி ஒரு குரல் எனக்கு வந்தது அன்றுதான். ஆலயக் கமிட்டியில் ஒருவருக்கு என் மேல் வருத்தம், நன்கொடை போய்விடுமாம்.

பிரியாணிச் செய்தி பரவிவிட்டது போலிருக்கிறது. இன்று நூற்றுப் பதினான்கு பேர். நாங்கள் நூறு பேருக்குத்தான் வைத்திருந்தோம். நான்காம் பந்தியில் பாதியிலேயே அன்னக்கூடையில் கரண்டி தட்டியது. வாசலில் இன்னும் பதினெட்டுப் பேர். வாசல் வேலை இன்று எனக்கு. "தீர்ந்துவிட்டது" என்று சொன்னேன். ஒருவரும் சண்டை போடவில்லை. "பரவாயில்லை சாமி" என்று ஒரு பெரியவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்தேன். நானும் சாப்பிடவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

டோக்கன் கொடுக்க வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு. எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி ஏதாவது உண்டா?


கேள்விக்குறி | வெள்ளி, காலை 7.00

டோக்கன் கொடுங்கள். அதில் என்ன தவறு? பஸ்ஸில் டிக்கெட் இல்லையா? எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே அரிசி போட முடியும்? உங்கள் ஆட்கள் எல்லாரும் உணர்ச்சியிலேயே ஓடுகிறீர்கள்.


பந்திமுனை | வெள்ளி, காலை 7.35

டோக்கன் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தோம். நான்கு மணியிலிருந்தே வாசலில் வரிசை. வேலை விட்டு ஏழு மணிக்கு வருகிறவருக்கு டோக்கன் இருக்காது, வேலையில்லாமல் இருப்பவருக்கு இரண்டு இருக்கும். யாருக்காக வியாழனுக்கு மாற்றினோமோ அவர்களே வெளியே நின்றார்கள். நிறுத்திவிட்டோம். எண்ணிக்கை விஷயத்தில் கேள்விக்குறி சொல்வது சரி. நான் ஒவ்வொரு வாரமும் தலையை எண்ணிச் சுவர்க் காலண்டரில் எழுதிவைக்கிறேன். மாதக் கடைசி, மழை, பள்ளி திறக்கும் ஜூன், தீபாவளிக்கு முந்தைய வாரம், எல்லாவற்றுக்கும் ஒரு போக்கு தெரியும். அதையும் மீறி ஒரு நாள் தவறும்.

தேக்சா தம்பி, அந்த நாளுக்கு நீங்கள் செய்வதை இவருக்குச் சொல்லுங்கள்.


தேக்சா | வெள்ளி, காலை 9.10

ரவை. ஐந்து கிலோ பம்பாய் ரவையை வறுத்து, ஆறவைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் எப்போதும் கூடத்தில் இருக்கட்டும். அன்னக்கூடையில் பாதி குறையும்போதே வாசலில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள், தீர்ந்த பிறகு எண்ணிப் பயனில்லை. பதினெட்டுப் பேருக்கு இரண்டு கிலோ தாராளம். வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு தாளித்து ஊற்றினால் இருபது நிமிடத்தில் உப்புமா. மிஞ்சிய சாம்பார் தொட்டுக்கொள்ள. உப்புமா என்று முகம் சுளிக்கிறவர்கள் எல்லாம் வீட்டில்தான். வியாழன் இரவு எட்டேகாலுக்கு யாரும் சுளிக்கமாட்டார்கள்.


ஓய்வூதியக்காரன் | வெள்ளி, காலை 9.25

ரவை வாங்கிவிடுகிறேன், வறுக்கப் பாட்டியிடம் சொல்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் சமையல்காரர்கள் கிளம்பிவிடுகிறார்கள். இருப்பது நானும் அண்டா கழுவும் இரண்டு பேரும்தான். எனக்கு உப்புமா கிண்டத் தெரியாதே.


தேக்சா | வெள்ளி, காலை 9.30

வெந்நீர் வைக்கத் தெரியும் அல்லவா? கிலோ ரவைக்கு மூன்றரை லிட்டர். உப்பைத் தண்ணீரிலேயே போட்டு வாயில் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் கரித்தால் சரி. தளதளவென்று கொதி வந்ததும் தீயைக் குறைத்து என்னைப் போனில் கூப்பிடுங்கள், மீதியை நான் சொல்கிறேன். பாத்திரத்தைக் கருகவிடாதீர்கள்.